கிராமத்துக்கேற்ற தொழிற்கல்வி: சுருல் முதல் சேவாக்கிராமம் வரை

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோறணமேந்து என்றால் கவர்ண்மெந்து, அதாவது அரசாங்கம். வரண்ட நிலம், பெருகிய குடித்தொகை, கைக்கெட்டிய ஆங்கிலக் கல்வி. ஆகவே நம் முன்னோர் எழுதுகோலை நம்பிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பெற்றன, பாடசாலைகள் வளர்ந்தன. அவர்களைக் குறைகூறுதல் நன்றியாகாது. ஆயினும் அப்பழமொழி இன்னொன்றையும் சேர்த்தே நமக்குக் கற்பித்துவிட்டது. எழுதுகோல் பிடித்த கை உயர்ந்தது, உளி பிடித்த கை தாழ்ந்தது என்பதே அது.

இதன் பலனை இன்று நாம் கண்கூடாகக் காண்கின்றோம். ஒரு வீட்டிலே பரீட்சைகளில் தேறிய பிள்ளை நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் இருக்கின்றது. அதே ஒழுங்கையில் நீரிறைக்கும் இயந்திரம் பழுதுற்றால், திருத்துவதற்கு ஆளைத் தேடி அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருக்கின்றது. தொழிற்பயிற்சி வேண்டும் என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆனால் எத்தொழில், எவ்வூருக்கு, யாருக்கு, யார் கற்பிப்பது, கற்றவன் செய்த பொருளை யார் வாங்குவது என்னும் கேள்விகளை அத்துணை ஆழமாகக் கேட்பதில்லை.

இக்கேள்விகள் புதியனவல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தின் ஒரு மூலையிலே ஒரு கவிஞர் இவற்றைக் கேட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து மத்திய இந்தியாவின் ஒரு சிறு நகரிலே காந்தியடிகள் இவற்றைக் கேட்டார். இவ்விரு பெரியாரிடத்தும் அருகிருந்து தொண்டாற்றி, இரண்டாமவரின் கல்வித் திட்டத்தையே தோளிற் சுமந்தவர் நம் யாழ்ப்பாணத்து மகன் ஒருவர். அவ்வரலாற்றை நம் வாலிபர் அறிந்துகொள்ளுதல் பயன்தரும். அம்முயற்சிகளின் வெற்றியிலே எவ்வளவு பாடம் உண்டோ, அவற்றின் தளர்ச்சியிலும் அவ்வளவு பாடம் உண்டு.

சுருல் கிராமத்திலே

இரவீந்திரநாத தாகூர் தம் குடும்பத்தின் ஜமீன் நிலங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பை 1890ஆம் ஆண்டையொட்டி ஏற்றார். இன்று வங்காளதேசத்திலுள்ள சிலைதா, பதிசார் முதலிய ஊர்களில் அவர் குடியானவரின் நிலையை நேரிற் கண்டார். கடனும் நோயும் அவர்களை அழுத்திக்கொண்டிருந்தன. பதிசாரிலே குடியானவருக்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்கும் வங்கியொன்றை அவர் நிறுவினார். 1913ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தபோது அப்பணத்தின் பெரும்பகுதியை அவ்வங்கியிலேயே இட்டார். அக்காலத்துச் செல்வர் தம் மக்களைப் பாரிஸ்டராக்கவும் ஐ. சி. எஸ். உத்தியோகத்தராக்கவும் கடல்கடந்து அனுப்பினர். தாகூரோ 1906ஆம் ஆண்டு தம் மகன் இரதீந்திரநாதரையும், அவர் நண்பர் சந்தோஷ் சந்திர மஜும்தாரையும் விவசாயம் படிக்கவென்று அமெரிக்காவிலுள்ள இல்லினோய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இச்செயல் ஒன்றே அவர் உள்ளக்கிடக்கையைக் காட்டப் போதுமானது.

பீர்பூம் மாவட்டத்திலே சாந்திநிகேதனத்துக்கு ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் உள்ளது சுருல் என்னும் கிராமம். அங்கே ஒரு பழைய மாளிகையையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் தாகூர் 1912ஆம் ஆண்டு விலைக்கு வாங்கினார். மலேரியாக் காய்ச்சல் மலிந்த இடம் அது. பல ஆண்டுகள் அங்கு வேலை ஒன்றும் உருப்படவில்லை. பின்னர் லெனார்ட் எல்ம்ஹேர்ஸ்ற் என்னும் ஆங்கில இளைஞர் தாகூரின் அழைப்பை ஏற்று வந்துசேர்ந்தார். அவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயின்றவர். 1922ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6ஆந் தேதி அவர் மாணவர் சிலரோடு சுருலிற் குடியேறினார். செலவுக்கு வேண்டிய பணத்தை டொரதி ஸ்ரெயிற் என்னும் அமெரிக்கச் சீமாட்டி உதவினார். ஸ்ரீநிகேதனம் என்று பின்னர் பெயர்பெற்ற கிராம புனருத்தாரண நிலையம் இவ்வாறு தோன்றிற்று.

எல்ம்ஹேர்ஸ்ற் முதலிற் செய்தது வகுப்பு நடத்துவதன்று. இக்கிராமங்கள் ஏன் தேய்கின்றன என்னும் கேள்வியை மாணவர் முன் வைத்ததே அவர் முதல் வேலை. குரங்கு, மலேரியா, ஒருவரையொருவர் நம்பாமை ஆகிய மூன்றுமே கிராமத்தின் பகைகள் என்று அவர் கண்டார். குரங்குகள் தோட்டத்தை அழித்தன. மலேரியா உடலை அழித்தது. நம்பாமை கூட்டுமுயற்சியை அழித்தது. மூன்றாவது பகையை வெல்லாமல் முதலிரண்டையும் வெல்லுதல் அரிது என்பதும் விரைவில் விளங்கிற்று. ஆகவே தொண்டர் தம்மிலிருந்தே தொடங்கினர். உயர்குலத்துப் பிள்ளைகள் தம் மலகூடத்து வாளிகளைத் தாமே எடுத்துக் குழியிலிட்டு மண்மூடினர். அக்கழிவு உரமாயிற்று, அந்நிலத்தில் மரக்கறி விளைந்தது. அக்காலத்தில் இது எளிய செயலன்று. மந்திரத்தினும் வலிய சீர்திருத்தம் அது.

இதனோடு ஊர்களை ஆராய்தலும் நடைபெற்றது. காளிமோகன் கோஷ் என்னும் தொண்டர் கால்நடையாகக் கிராமந்தோறும் சென்று, குடும்பங்கள் எத்தனை, நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, நோய் என்ன, கைத்தொழில் எது, அது ஏன் நலிந்தது என்று கேட்டறிந்தார். வல்லபபூர் முதலிய ஊர்களைப்பற்றிய ஆய்வுகள் நூல்வடிவிலும் வெளிவந்தன. தொழிற்பயிற்சி இவ்வாராய்ச்சியின் பின்னரே திட்டமாக உருவெடுத்தது. அப்பகுதியில் நெசவாளர் இருந்தனர். ஆகவே நெசவு சீர்திருத்தப்பட்டது. தோல் வேலை செய்வோர் இருந்தனர். ஆகவே தோல் பதனிடுதலும் அழகிய தோற்பொருள் செய்தலும் கற்பிக்கப்பட்டன. இலம்பஜாரிலே வழக்கொழிந்துவந்த அரக்கு வேலைக்கு மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. தச்சு, மட்பாண்டம், புத்தகம் கட்டுதல் என்பனவும் சேர்ந்தன. இப்பகுதிக்குச் சிற்பபவனம் என்று பெயர். நந்தலால் வசு முதலிய ஓவியர் புதிய கோலங்களை வகுத்துக்கொடுத்தனர்.

சிற்பபவனத்தார் இன்னொரு காரியத்தையும் மறக்கவில்லை. செய்த பொருள் விற்கவேண்டும் அன்றோ? 1938ஆம் ஆண்டு கல்கத்தா நகரிலே ஸ்ரீநிகேதனப் பொருள்களுக்கென ஒரு விற்பனை நிலையம் திறக்கப்பட்டது. கடன் தரக் கூட்டுறவு வங்கியும், நோய் தீர்க்கக் கூட்டுறவுச் சுகாதாரச் சங்கங்களும் அமைந்தன. தொழில் கற்றவன் காய்ச்சலில் விழுந்தாலோ, நூல் வாங்கக் காசின்றி வட்டிக்காரனிடம் போனாலோ, கற்ற தொழில் எங்ஙனம் பயன்படும்? பயிற்சி தனித்து நிற்கும் மரமன்று, தோட்டத்தில் ஒரு மரம் என்பதை ஸ்ரீநிகேதனத்தார் உணர்ந்திருந்தனர்.

1924ஆம் ஆண்டு தாகூர் சிட்சாசத்திரம் என்னும் சிறு பாடசாலையொன்றை ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். அமெரிக்காவில் விவசாயம் பயின்று மீண்ட சந்தோஷ் மஜும்தாரே அதனை முதலில் நடத்தினார். அவர் 1926ஆம் ஆண்டு காலமானார். மறுவருடம் பாடசாலை ஸ்ரீநிகேதனத்துக்கு மாற்றப்பட்டது. சாந்திநிகேதனத்திலே பெற்றோர் பரீட்சையையும் உத்தியோகத்தையும் எதிர்பார்த்தமையால், தாம் விரும்பிய கல்வியை அங்கே முழுதும் நடத்த இயலவில்லை என்பது தாகூரின் மனக்குறை. கிராமப் பிள்ளைகளுக்கு அத்தளையில்லை என்று அவர் எண்ணினார். தோட்டம், சமையல், நெசவு, இசை, எழுத்து யாவும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஆயினும் காலப்போக்கில் சிட்சாசத்திரமும் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ்செய்யும் பாடசாலையாகவே மாறிற்று. கிராமத்துப் பெற்றோரும் தம் பிள்ளைக்கு அதையே விரும்பினர். இதனை நாம் நினைவிலிருத்தல் வேண்டும்.

கணக்காளர் கண்ட கிராமம்

ஆராய்ச்சியின்றித் திட்டமில்லை என்னும் இதே உண்மையை வேறொரு வழியால் அடைந்தவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரிற் பிறந்த தமிழரான இவர் இலண்டனிற் கணக்காய்வு பயின்று, பம்பாயிற் பெருநிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பொருளியலும் கற்றவர். 1929ஆம் ஆண்டு காந்தியடிகளைச் சந்தித்த பின்னர், குஜராத்திலே கேடா மாவட்டத்து மாதர் தாலுக்காவை ஆராயும் பொறுப்பை ஏற்றார். குஜராத் வித்தியாபீடத்து மாணவரைத் துணைக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாகச் சென்று வரவுசெலவைக் கணக்கிட்டார். ஒரு கம்பெனியின் ஐந்தொகையைத் தயாரிப்பதுபோல் ஒரு கிராமத்தின் ஐந்தொகையை அவர் தயாரித்தார் எனலாம்.

1934ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் நிறுவப்பட்டபோது அதன் பணியைக் குமரப்பாவே முன்னின்று நடத்தினார். செக்கெண்ணெய், கைக்குத்தரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, மட்பாண்டம் முதலிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன, பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஊரிலே விளையும் மூலப்பொருளை வெளியூருக்கு அனுப்பி, அதுவே பண்டமாகித் திரும்பி வரும்போது பன்மடங்கு விலைகொடுத்து வாங்குகின்றோம். இடையிலே கழியும் கூலி யாருக்குப் போகின்றது? தொழிற்பயிற்சித் திட்டத்தின் அடிப்படைக் கணக்கு இதுவே. நம்மூர்ப் பனையையும் எள்ளையும் நினைத்துப் பார்ப்பவர்க்கு இக்கேள்வி அந்நியமாய்த் தோன்றாது.

வார்தாவும் யாழ்ப்பாணத்து ஆரியநாயகமும்

இனி நம் நாட்டவரின் கதைக்கு வருவோம். ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். வங்கம் சென்று சாந்திநிகேதனத்தைச் சேர்ந்து தாகூரின் அந்தரங்கக் காரியதரிசியானார். 1930ஆம் ஆண்டு தாகூர் ஐரோப்பாவுக்கும் சோவியத் ருஷியாவுக்கும் சென்ற யாத்திரையில் உடன் சென்றவர்களுள் இவரும் ஒருவர். ருஷியாவிலே குடியானவரின் பிள்ளைகள் கல்வி பெறுவதைக் கண்டு தாகூர் பெரிதும் வியந்தார். அக்காட்சியை நம்மவரும் உடனிருந்து கண்டார். சாந்திநிகேதனத்திலே பெண்பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றிருந்த ஆசாதேவி அம்மையாரை இவர் மணந்தார். காசியிலிருந்த ஒரு பேராசிரியரின் புதல்வி அவர். கணவனும் மனைவியும் பின்னர் காந்தியடிகளின் பணியை நாடி வார்தாவுக்குச் சென்றனர்.

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 22, 23ஆந் தேதிகளில் வார்தாவிலே கல்வி மாநாடொன்று காந்தியடிகள் தலைமையிற் கூடிற்று. பல மாகாணங்களிற் காங்கிரஸ் மந்திரிசபைகள் அப்பொழுதுதான் பதவியேற்றிருந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி வேண்டும். ஆனால் கருவூலத்திலே பணமில்லை. காந்தியடிகள் கூறிய வழி யாதெனில், கைத்தொழிலை நடுவணாகக் கொண்டு ஏழாண்டுக் கல்வியைத் தாய்மொழியில் அளிப்பதும், பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையால் ஆசிரியர் சம்பளத்தை ஈடுசெய்வதும் ஆகும். திட்டத்தை வகுக்க டாக்டர் சாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. வினோபா, காகா காலேல்கர், குமரப்பா ஆகியோரோடு ஆரியநாயகமும் ஆசாதேவியும் அதில் இடம்பெற்றனர். குழுவின் அறிக்கை அவ்வாண்டு டிசம்பர் மாதமே வெளியாயிற்று. மறுவருடம் இந்துஸ்தானி தாலிமி சங்கம் அமைந்தபோது சாகீர் உசேன் தலைவரானார், ஆரியநாயகம் காரியதரிசியானார். தலைவர் டெல்லியிலே இருந்தார். அன்றாடப் பாரம் காரியதரிசியின் தோளிலே விழுந்தது.

அறிக்கையின் நேரசூசியைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்தரை மணித்தியாலப் படிப்பிலே கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, சித்திரம், கணிதம் ஆகியவற்றுக்கு 40 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகக் கல்விக்கும் விஞ்ஞானத்துக்கும் 30 நிமிடம். எஞ்சியது தேகாப்பியாசமும் இடைவேளையும். ஆனால் கைத்தொழிலென்று ஒதுக்கிய நேரம் வெறும் கூலிவேலைக்குரியதன்று. தக்கிளியில் நூற்ற நூலை அளக்கும்போது கணிதம். பருத்தி விளையும் மண்ணை ஆராயும்போது பூகோளம். நூல் ஏன் அறுகின்றது என்று வினவும்போது விஞ்ஞானம். இந்திய நெசவு அழிந்த கதையைக் கேட்கும்போது சரித்திரம். செய்கை வழியே அறிவு என்பதே கொள்கை.

1940ஆம் ஆண்டு சேவாக்கிராமம் என்று பெயர்மாறிய சேகாவ்ம் கிராமத்திலே ஆரியநாயகம் தம்பதிகள் இக்கொள்கையைத் தாமே வாழ்ந்து காட்டினர். மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நிலத்தை உழுதனர், சமைத்தனர், துணி நெய்தனர், மலகூடம் சுத்திசெய்தனர். 1945ஆம் ஆண்டு சேவாக்கிராமத்திற் கூடிய மாநாடு, சிறுபிள்ளை முதல் முதியோர் வரை வாழ்நாள் முழுவதையும் தழுவும் கல்வியாக இதனை விரித்தது. கடல்கடந்து சென்ற யாழ்ப்பாணத்தார் அநேகர் கணக்குப் புத்தகத்தையும் புகையிரத நிலையத்தையும் கண்டனர். இவரோ ஏரையும் இராட்டையையும் கண்டார். நம் ஊர்ப் பழமொழிக்கு இவர் வாழ்வே மறுமொழி.

திட்டம் தளர்ந்த காரணம்

இவ்வளவு பெரிய முயற்சி ஏன் நாடெங்கும் வேரூன்றவில்லை? காரணங்களை நடுநிலையில் நின்று நோக்குவோம்.

முதலாவது, ஒரே கட்டளை எல்லா ஊர்க்கும் போயிற்று. சாகீர் உசேன் அறிக்கை நூற்றல் நெசவு, தச்சு, விவசாயம், பழமும் காய்கறியும் பயிரிடல், தோல் வேலை எனப் பலவற்றையும் கூறி, அந்தந்த ஊருக்கு ஏற்ற வேறெத்தொழிலையும் கொள்ளலாம் என்றே விதித்தது. ஆனால் நடைமுறையிலே அநேக பாடசாலைகளில் தக்கிளி ஒன்றே எஞ்சிற்று. அது மலிவானது, உத்தியோகத்தருக்குக் கணக்கெழுத எளியது. பருத்தி விளையாத ஊரிலும் பிள்ளை நூற்றது. ஊரை ஆராய்ந்து தொழிலைத் தெரிதல் என்ற சுருலின் பாடம் கைநழுவிற்று.

இரண்டாவது, சந்தை. பிள்ளைகளின் பொருளை வாங்குவோர் யார்? அவை ஊர்க் கைவினைஞனின் பொருளோடு போட்டியிட்டால் அவன் வயிறு என்னாவது? பொருளியல் அறிஞர் கே. டி. ஷா இத்தகைய ஆட்சேபத்தை அன்றே எழுப்பினார். அரசாங்கம் வாங்கும் என்பது விடை. 1939ஆம் ஆண்டு காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தபோது அவ்விடையும் பலமிழந்தது. ஆசிரியர் சம்பளத்தைப் பிள்ளையின் கைவேலையாற் கட்டுவதென்பது எங்கும் முற்றாக நிறைவேறவில்லை.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. பெற்றோர் இக்கல்வியை நம்பவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் பரீட்சையும், கிராமத்துப் பிள்ளைக்குத் தக்கிளியும் மண்வெட்டியும் என்றால், இது கல்வியா அல்லது வேலியா என்று அவர்கள் ஐயுற்றனர். அந்த ஐயம் அறியாமையிற் பிறந்ததென்று கூறமுடியாது.

இதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1953ஆம் ஆண்டு சென்னை இராச்சியத்தின் முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளின் நேரத்தை மூன்று மணித்தியாலமாகக் குறைத்தார். மிகுதி நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது திட்டம். இடவசதியும் ஆசிரியரும் போதாத காலத்திலே இருமடங்கு பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் தந்தையின் தொழிலே மகனின் பாடம் என்றவுடன் அது சாதியின் பாடமாகிவிட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் பிறரும் எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டு இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். தொழிற்கல்வியின் பெயரால் ஒரு பிள்ளையை அதன் பிறப்போடு கட்டிவைத்தால் மக்கள் அதனைப் பொறுக்கமாட்டார்கள், பொறுக்கவும் கூடாது.

ஈழத்திலே

நம் நாட்டு வரலாறும் இதற்கு வேறன்று. வில்மட் பெரேரா என்னும் சிங்களப் பெரியார் ஸ்ரீநிகேதனத்தை நேரிற் கண்டு, ஹொரணையிலே அதனையொத்த நிலையமொன்றை நிறுவ விரும்பினார். 1934ஆம் ஆண்டு மே மாதம் தாகூரே வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். ஸ்ரீபாலி என்னும் அந்நிலையத்தின் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டு முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக விளங்குகின்றது. கண்டிப் பகுதியில் 1930களிலே ஹந்தெஸ்ஸ திட்டம் என்ற பெயரால் கிராமியக் கல்வி முயற்சியொன்றும் நடைபெற்றது.

1943ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் குழு இலவசக் கல்வியைச் சிபாரிசு செய்தபோது, ஆரம்ப வகுப்புக்குப் பின் மூவகைப் பாடசாலைகளையும் கூறிற்று; அவற்றுள் ஒன்று செயன்முறைப் பாடசாலை. இலவசக் கல்வியை நாடு இருகரம் நீட்டி ஏற்றது. செயன்முறைப் பாடசாலையை எந்தப் பெற்றோரும் விரும்பி ஏற்கவில்லை. 1972ஆம் ஆண்டு தொழில்முன்னிலைப் பாடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டன. ஊரிலுள்ள தொழில்களையே பாடமாகக் கொள்ளும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் கற்பிக்கத்தக்க ஆசிரியரும் கருவிகளும் குறைவு. பெற்றோரின் நம்பிக்கையும் குறைவு. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னர் அவை அகற்றப்பட்டன.

இன்று நிலைமை ஓரளவு வேறு. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. தேசிய தொழிற்றகைமை என்னும் படிமுறை வந்து, கைத்தொழில் கற்றவன் படிப்படியாகப் பட்டம் வரை ஏறுதற்கு வழிதிறந்தது. 2016ஆம் ஆண்டு கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. கட்டடமும் கருவியும் சான்றிதழும் வந்துவிட்டன. கொழும்பிலிருந்து வரும் பாடப்பட்டியல் நம் ஊரின் தேவையை அறியுமா என்னும் சுருலின் கேள்வியும், கற்றவனை ஊர் மதிக்குமா என்னும் சேவாக்கிராமத்தின் கேள்வியும் மட்டும் இன்னும் விடைபெறாது நிற்கின்றன.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து மூன்று விதிகளைத் திரட்டலாம். ஊரை ஆராயாமற் பயிற்சியைத் திட்டமிடலாகாது. சந்தையும் கடனுதவியும் இல்லாமற் பயிற்சியை முடித்துவிடலாகாது. எத்தொழிலையும் எப்பிள்ளையும் கற்கலாம், கற்றபின் மேலேறவும் விலகவும் வழியுண்டு என்ற உறுதியின்றிப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. முதலிரண்டும் அரசாங்கத்தாலும் நிபுணராலும் கூடுமானவை. மூன்றாவது நம்மால் மட்டுமே கூடும். ஏனெனில் தடை நம் மனத்திலே இருக்கின்றது.

சைவசமயிகளாகிய நமக்கு இதில் ஒரு தனிக்கடமை உண்டு. அறுபத்துமூவர் விக்கிரகங்களைக் கோயில்தோறும் வணங்குகின்றோம். அவர்களுள் திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார், நேசர் சாலியர், அதிபத்தர் பரதவர். அப்பர் சுவாமிகளின் திருக்கரத்தில் ஏடு இல்லை. புல் செதுக்கும் உழவாரப்படையே இருக்கின்றது. அத்தொழிலாளரை வீதியுலாவில் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தொழிலைச் செய்பவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய பாவம் நம் சமூகத்துக்கு உண்டு. அந்தப் பாவம் ஒருவரைத் தாழ்த்தியதோடு நின்றதா? இல்லை. தொழிலையே தாழ்த்திற்று; அதன் விளைவாக நம் பிள்ளைகள் அனைவரின் கையும் முடமாயிற்று.

ஆகவே நம் சங்கத்து வாலிபருக்கு ஒரு சிறு வேலைத்திட்டத்தைக் கூறி முடிக்கின்றேன். குமரப்பாவுக்கு உதவியவரும் மாணவரே என்பதை மறவாதீர்கள். ஒரு கொப்பியோடு உங்கள் கிராமசேவையாளர் பிரிவிலுள்ள வீடுகளுக்குச் செல்லுங்கள். நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இவ்வீட்டில் யார் என்ன தொழில் அறிவார்? எத்தொழிலைக் கற்க விரும்புவார்? சென்ற ஆண்டு எந்த வேலைக்கு வெளியூர் ஆளை அழைத்தீர்கள்? ஊரில் விளைந்த எப்பொருளை விற்று, அதையே எப்பண்டமாகத் திரும்ப வாங்குகின்றீர்கள்? பெண்களிடமும் தனித்துக் கேளுங்கள். ஆண்கள் கூறும் விடையே வீட்டின் விடையென்று எழுதிவிடாதீர்கள். போரிலே கணவனை இழந்து குடும்பஞ் சுமக்கும் தாய்மாரின் விடை முதற்பக்கத்தில் இருக்கட்டும். அக்கொப்பியைப் பிரதேச செயலகத்துக்கும் அயலிலுள்ள பயிற்சி நிலையத்துக்கும் கொண்டுசெல்லுங்கள். வெறுங்கையோடு போய்த் தொழிற்பயிற்சி தாருங்கள் என்று கேட்பதற்கும், இவ்வூரில் இன்ன தொழிலுக்கு இத்தனைபேர், இன்ன வேலைக்கு இவ்வளவு தேவை என்று எழுதிக் காட்டுவதற்கும் வேறுபாடு பெரிது.

சரஸ்வதி பூசையன்று நாம் புத்தகங்களோடு கருவிகளையும் வைத்து வணங்குகின்றோம். வருகின்ற ஆண்டுவிழாவிலே, பரீட்சையிற் சித்தியெய்திய மாணவருக்குப் பரிசளிக்கும் அதே மேடையில், நம் ஊர்த் தச்சர் ஒருவரையோ, கொல்லர் ஒருவரையோ, பனையோலைப் பெட்டி இழைக்கும் மூதாட்டி ஒருவரையோ அழைத்து முதல் ஆசனத்தில் இருத்துவோமாக. அவர் பக்கத்தில் அமர நம்மிற் சிலருக்கு முதலிற் கூச்சமாயிருக்கலாம். சுருலிலே வாளியைத் தூக்கிய மாணவருக்கும் முதல்நாள் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.